கழுவிவிட்ட வீடு

“ஹலோ... ஆமா, சித்ரலேகாதான் பேசுதேன்... பேரு சொல்ல வேண்டாம் அண்ணாச்சி, ஒங்க நம்பரு இன்னும் போன்லதான் கெடக்கு. அழிக்கல... இல்ல இல்ல, சாப்பிட்டாச்சி... சொல்லுங்க.”

பேட்டையில் காலியாகக் கிடந்த ஒரு வீட்டின் மாடிப்படியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள் சித்ரலேகா. குடியிருந்தவர்கள் போய் இரண்டு நாள் ஆகியிருந்தது. கீழே கூடத்தில் உலகம்மாள் ஜன்னல் கம்பிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். படியின் அடியில் முத்துமாலை குத்துக்காலிட்டு வாளித் தண்ணீரில் துணி அலசிக்கொண்டிருந்தாள். மூன்று பேர். சித்ரலேகாவின் தொழில் என்பது அவ்வளவுதான்.

போனில் இருந்தவர் குமரகுருபரன். சென்னையிலும் அமெரிக்காவிலும் போய் உட்கார்ந்துவிட்டவர்களின் வீடுகளை வாடகைக்கு விட்டுப் பராமரிப்பவர். வண்ணார்பேட்டையில் ஆபீஸ், கையில் இருபத்தாறு வீடு. குடி மாறும்போதெல்லாம் அந்த வீடுகளைச் சுத்தம் செய்து கொடுத்தது நாலு வருஷமாக இவள்தான். ஆடி மாதத்தில் மதுரையிலிருந்து ஒரு கம்பெனி மிஷினோடும் சீருடையோடும் வந்து இறங்கியது. அதன்பிறகு இந்த நம்பரிலிருந்து அழைப்பே கிடையாது. ‘இனி வர வேண்டாம்’ என்று ஒரு வார்த்தை சொல்லவும் அவருக்கு நேரம் இருக்கவில்லை.

“மூச்சு வாங்குது பாருங்க, பைய சொல்லுங்க... எந்த வீடு?... சிவசைலம் தாத்தா வீடா? கல்யாண மண்டபத்துக்குப் பின்னால?... ஆமா ஆமா, காலி பண்ணுதாவன்னு கேள்விப்பட்டேன். கோயமுத்தூருக்கு, மவன் சுந்தரு வீட்டுக்கு... இன்னைக்கா?... சரி... நல்ல நேரம் பாத்து கார்ல ஏறிட்டாவ... சரி... பெறவு?”

...

“இறங்கிட்டாவளா? ஏன்?... அண்ணாச்சி, ஏன் இறங்குனாவன்னு கேட்டேன். அந்த இடம் வந்தாத் தாண்டித் தாண்டிப் போறியளே... தாத்தாவை விட்டுட்டு நீலாம்பாள் ஆச்சி மட்டும் உள்ள வந்து உக்காந்துட்டாவ. சரி. எதுல உக்காந்திருக்காவ? சாமானெல்லாம் லாரியில ஏறியாச்சே... தரையிலயா... ஈரத் தரையிலயா? தரை எப்படி ஈரமாச்சி?”

அந்தப் பக்கம் பேச்சு நின்றது. ஆட்டோ ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போவது கேட்டது. ஆள் தெருவில் நின்றுகொண்டு பேசுகிறார். சித்ரலேகா காத்திருந்தாள். பொய்யைத் தேடுகிற மனிதனுக்கு அவகாசம் கொடுத்தால் அவன் பாதி உண்மையை அவனாகவே சொல்லிவிடுவான் என்பதை இந்தத் தொழில் அவளுக்குக் கற்றுத் தந்திருந்தது.

“வீட்டைக் கழுவியாச்சி.”

அவள் அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை.

“லாரி எங்கன நின்னுது?... வாசல்லயே. கயிறு கட்டிக்கிட்டு நின்னான்... காரு?... அதுவும் வாசல்லயே. காருக்குள்ள அவிய ரெண்டு பேரும். அப்போ பட்டாசலை, அந்த முன்கூடத்தைக் கழுவித் தண்ணியைத் தள்ளி விட்டாச்சி. தண்ணி படியிறங்கி வந்து கார் டயரை நனைச்சிருக்கு... அண்ணாச்சி, ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்கிடாதிய. நீங்க திருநேலிக்காரருதான?... இல்ல, சந்தேகம் வந்துட்டு. அதான் கேட்டேன்.”

ஊருக்குப் புறப்பட்டவர்கள் தெருமுனை திரும்பும்வரை யாரும் துடைப்பத்தைத் தொடாத ஊர் இது. ஆள் வெளியேறிய கையோடு வீட்டைக் கழுவி விடுவது ஒரே ஒரு பயணத்துக்குத்தான். அந்தப் பயணம் போனவர்கள் திரும்பி வருவதில்லை. பாடை வாசலைத் தாண்டியதும் குடங்குடமாகத் தண்ணீர் ஊற்றி, சாவு கிடந்த இடத்தைப் பெண்கள் கழுவுவார்கள். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

“நெஞ்சைப் பொளந்து தச்சி நாப்பது நாளாகல அந்த மனுசனுக்கு. கைத்தாங்கலாக் கூட்டிட்டுப் போயிக் கார்ல உக்கார வச்சிருக்காவ. அவரு முதுகுக்குப் பின்னாலயே தண்ணியைக் கொட்டிக் கழுவியிருக்கிய. ஆச்சி உக்காராம என்ன செய்வாவ?... அவசரம்னா என்ன அவசரம்?... புதுக் குடியா. யாரு?... கிரீசு, ஹம்சினி. பெங்களூரு... இன்னைக்கு நாலரைக்குப் பால் காய்ச்சணுமா. ஏன், நாளைக்கு?... ஓ... நாளைக்குக் கரிநாளு!”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கவில்லை.

“அப்போ பஞ்சாங்கம் பாக்கத் தெரியுது. வாரவியளுக்கு நல்ல நேரம் வேணும். போறவியளுக்கு எந்த நேரமா இருந்தா என்ன, இனிமே வாடகை தரவா போறாவ... நான் குத்திப் பேசல அண்ணாச்சி. சும்மா சொல்லிப் பாத்தேன்... சரி, ஒங்க மதுரைக்காரன் எங்க? அந்த மிஷினுக்காரன்?... பன்னண்டு மணிக்கே போயிட்டானா... அடுக்களை, குளியலறை ரெண்டையும் முடிச்சி போட்டோ எடுத்து அனுப்பிட்டான். ம்... பட்டாசல்ல சாமான் கெடந்துது, அதனால நாளைக்கு வாரேன்னுட்டான். ம்... அவனுக்கு என்ன கரிநாளா, அஷ்டமியா. போட்டோவுல அதெல்லாம் தெரியாதுல்லா... இருங்க, இருங்க. அவன் பன்னண்டுக்குப் போயிட்டான். தண்ணி ஊத்துனது ரெண்டு மணிக்கு. பின்ன யாரு ஊத்துனா?”

...

“மிஷின் தானா ஊத்துச்சா?”

...

“நீங்களா!”

துணி அலசிக்கொண்டிருந்த முத்துமாலை நிமிர்ந்து பார்த்தாள். சித்ரலேகா அவளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். முத்துமாலைக்கு விஷயம் முழுக்கப் புரியாவிட்டாலும் போனில் யாருடைய தோல் உரிகிறது என்பது புரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“பேண்டை முட்டி வரைக்கும் மடிச்சி விட்டுக்கிட்டு, ரப்பர் பைப்பைப் புடிச்சிக்கிட்டு... நெனச்சிப் பாக்கேன் அண்ணாச்சி. நாலு வருசமா எங்களுக்குச் சொல்லிக் குடுப்பியளே, மூலையில சிலந்தி, ஓரத்துல அழுக்குன்னு. அன்னைக்கெல்லாம் செருப்பைக் கழத்தாம உள்ள வந்து விரல வச்சித் தேய்ச்சிப் பாக்குத ஆளு, இன்னைக்குத் தானே எறங்கிட்டியளா. தண்ணியை எந்தப் பக்கம் தள்ளுனிய? வாசலுக்கு. பின்கட்டுல சாக்கடை இருக்குது, அந்தப் பக்கம் வாட்டம் விட்டுத்தான் தரையே போட்டிருக்கு. ஒங்களுக்கு எப்படித் தெரியும்... சரி சரி, விடுங்க. நான் இப்போ என்ன செய்யணும்? அதைச் சொல்லுங்க.”

...

“ஆச்சிகிட்டப் பேசணுமா? நான் பேசி என்ன ஆவப் போவுது?... ஆமா, என் மேல பிரியந்தான். மூணு வருசமாப் பொங்கலுக்குப் பொங்கல் அந்த வீட்டைத் தொடைச்சது நாங்கதான். அதுக்கு?... என்னன்னு பேசணும்?... முழுங்காமச் சொல்லுங்க. யாரு கழுவுனான்னு ஆச்சி கேட்டாவளா?... நீங்க என்ன சொன்னிய?”

...

“சொல்லுங்க அண்ணாச்சி. யாருன்னு சொன்னிய?”

...

“என் ஆளுவன்னா?”

அவள் எழுந்து நின்றுவிட்டாள். ஏன் எழுந்தோம் என்று தெரியாமல் ஒரு படி ஏறினாள், ஒரு படி இறங்கினாள்.

“ரெண்டு மாசமா அந்தத் தெருப்பக்கம் எங்க நெழலு விழல. ஒரு போன் இல்ல, ஒரு வார்த்தை இல்ல. வேலைக்கு நாங்க ஆவல, பழிக்கு ஆவுதோமோ? என்ன மனுசன் நீங்க... கேளுங்க, நான் பேசி முடிச்சிருதேன். இந்தப் பேட்டை வீட்டை எனக்குக் குடுத்தது மேலப்பாளையம் ரசீத் பாய். அவரு என்ன சொல்லிக் குடுத்தாரு தெரியுமா? ‘சித்ராம்மாவுக்கு எந்த வீட்டுல எதைத் தொடணும் தொடக் கூடாதுன்னு தெரியும். இந்து வீடோ துலுக்க வீடோ, நான் போயி நிக்க வேண்டாம்’னாரு. அந்தப் பேரு ஒண்ணுதான் என்கிட்ட இருக்கு. மிஷினா வச்சிருக்கேன்? அதையும் ஒங்க ஈரப் பேண்டைத் தொடைக்கதுக்கு எடுத்துக்கிடுவியளா?... என்னது?... திருப்பிச் சொல்லுங்க.”

...

“எல்லா வீடுமா?”

அவள் மறுபடி உட்கார்ந்தாள்.

“இருவத்தாறுமா... மதுரைக்காரனை நிப்பாட்டிருவியளா?... நாளையிலேருந்தே... நான் ஒத்துக்கிட்டாப் போதும். எங்க ஆளு தெரியாமச் செய்ஞ்சிட்டான்னு ஆச்சிகிட்ட ஒரு வார்த்தை. அவ்வளவுதான். ம்... ம்... ம்.”

போனைக் காதில் வைத்தபடியே அவள் கீழே இருந்த இருவரையும் பார்த்தாள். இரண்டு மாதமாக வாரத்தில் ஒரு வீடு, சில வாரம் அதுவும் இல்லை. உலகம்மாள் பீடிக்கடையில் இலை வாங்கி வந்து சுற்ற ஆரம்பித்திருந்தாள். முத்துமாலை ஜவுளிக்கடை வேலைக்கு யாரிடமோ சொல்லி வைத்திருந்தாள். இருவருமே இதை அவளிடம் சொல்லவில்லை. அவளாகத் தெரிந்துகொண்டது. ஒரு பொய். சொன்னால் கூடத்து ஈரத்தோடு அதுவும் காய்ந்து போகும். ஆச்சி கோயம்புத்தூருக்குப் போய்விடுவாள். அங்கே போனபின் இந்த ஊரில் யார் யாரிடம் எதைச் சொல்லப் போகிறார்கள்? ரசீத் பாய் காதுக்கு இது எந்த வழியாகப் போகும்? இப்படி ஒவ்வொன்றாக யோசிக்க யோசிக்க, தான் முடிவெடுத்துவிட்டோம் என்பதும், யோசனையெல்லாம் அதற்குப் பின்னால் ஓடி வருகிறது என்பதும் அவளுக்கே தெரிந்தது.

“ஒரு சட்டம். குடி போன வீட்டை எப்பக் கழுவணும்னு நான்தான் சொல்லுவேன். நீங்க மூச்சு விடக் கூடாது. சாவி என் கையில இருக்கணும்... சரின்னு சொல்லுங்க... சரி. போனை ஆச்சிகிட்டக் குடுங்க.”

செருப்புச் சத்தம், பிறகு வெறுங்கால் ஈரத்தில் பதியும் சத்தம். இன்று ஒருநாள் செருப்பைக் கழற்றியிருக்கிறார்.

“ஆச்சி... கும்பிடுதேன் ஆச்சி, சித்ரா பேசுதேன்... நல்லா இருக்கேன்... தாத்தா எங்கன?... கார்லயேவா. ஏசி போட்டு உக்கார வச்சிருக்கியளா, சரி... அவருக்குத் தெரியாதா?... சாமி மாடத்துல வெளக்கை மறந்துட்டேன்னு சொல்லிட்டு வந்தியளா... தண்ணியைப் பாத்துட்டுத் தாத்தா ஒண்ணும் கேக்கலயா?... லாரிக்காரன் கேனைக் கொட்டிட்டான்னு சொல்லிட்டிய... ஆமா ஆச்சி. ஆமா. மனசுல போட்டுக்கிட்டா அந்த உடம்பு தாங்காது... அழாதிய ஆச்சி... ஈரத்துல உக்காராதிய, எந்திரிங்க...”

குரல் தானாகவே இறங்கியிருந்தது. இத்தனை நேரம் குத்திக் கிழித்த நாக்கு இதுதானா என்று உலகம்மாள் ஜன்னலிலிருந்து திரும்பிப் பார்த்தாள்.

“ஆமா... ஆமா ஆச்சி. அவரு சொன்னது... சரிதான். எங்க ஆளுதான். தெரியாமச் செய்ஞ்சிட்டா. லாரி போயிட்டுன்னு நெனச்சிட்டா... எவளா?”

எந்தப் பெயரையும் அவள் யோசித்து வைத்திருக்கவில்லை. கண்ணுக்கு நேரே இருந்த பெயர் வாயில் வந்துவிட்டது.

“முத்துமாலை.”

துணி பிழிகிற சத்தம் நின்றது.

“ஆமா... அவதான், பொங்கலுக்கு வந்தவதான்... ஆமா, நல்ல புள்ளதான், என்னமோ இன்னைக்கு... ஆச்சி? என்ன ஆச்சி?... எங்கேருந்து?... காருக்குள்ளேருந்தா...”

...

“ஜன்னல் வழியாத் தெரிஞ்சிதா.”

...

“ஊதாச் சட்டை... ஆமா... பேண்டை மடிச்சி விட்டுக்கிட்டு... ஆமா ஆச்சி.”

அதன்பிறகு அவள் பேச்சில் அந்த ஒரு சொல்தான் இருந்தது. ஆமா ஆச்சி. நீண்ட இடைவெளி. ஆமா. இன்னும் நீண்ட இடைவெளி. முதல்முறை பதிலாக இருந்த சொல், நாலாவது முறை வெறும் மூச்சாகிவிட்டது. குமரகுருபரனைக் காய்ச்சி எடுத்தபோது அவள் கையில் இருந்த அத்தனை ஏளனமும் இப்போது தெரு மாறி, அவளுடைய வீட்டு வாசலுக்கே வந்து நின்றது. அவர் தான் தப்பிக்க இவளுடைய பெயரைக் கொடுத்தார். இவள் அதை வாங்கி, இன்னும் ஒரு படி கீழே இறக்கிவைத்தாள். அவருக்காவது பெயர் சொல்ல ஒரு அவகாசம் தேவைப்பட்டது.

“அவரு சொல்லச் சொன்னாரு. ஆனா சரின்னு சொன்னது நான்தான் ஆச்சி. அவரைச் சொல்லிக் குத்தமில்ல... வீடெல்லாம் திருப்பித் தாரேன்னாரு... ஆமா. அதுக்குத்தான்... மன்னிச்சிருங்க... ஒங்ககிட்ட இல்லையா?... அவகிட்டயா.”

அவள் கீழே பார்த்தாள்.

“இங்கனதான் இருக்கா. கேட்டுக்கிட்டுதான் இருக்கா... சரி ஆச்சி. கேக்கேன்... அவரு வந்து ஒங்க முன்னால நின்னு, தான்தான் கழுவுனேன்னு சொல்லணும். அம்புட்டுத்தான... சொல்லிட்டாக் கெளம்பிருவியளா... சரி. குடுங்க அவருகிட்ட.”

போன் கைமாறுகிற அந்தச் சில விநாடியில் சித்ரலேகா வாயைத் திறந்தாள். முத்துமாலை துணியை நன்றாகப் பிழிந்து, உதறி, வாளியின் விளிம்பில் மடித்துப் போட்டாள். சேலை முந்தானையில் கையைத் துடைத்தாள். அதற்குள் போனில் குரல் வந்துவிட்டது.

“அண்ணாச்சி, என்ன சட்டை போட்டிருக்கிய?... ஊதாவா. அப்போ நீங்கதான். ஆச்சி கார்ல இருந்தபடியே பாத்துட்டாவ... எல்லாத்தையும்... ஆமா, நீங்க என் பேரைச் சொல்லும்போதே அவியளுக்குத் தெரியும். நான் சொல்லும்போதும் தெரியும்... இப்போ உள்ள போங்க. ‘நான்தான் செய்ஞ்சேன், தப்பாச்சி, நல்லபடியாப் போயிட்டு வாங்க’ன்னு சொல்லுங்க... அந்தக் கடைசி வார்த்தை முக்கியம், ‘போயிட்டு வாங்க’. விட்டுராதிய... மானமா? அதைப் பத்தி ஒங்ககிட்ட நல்லாக் கேட்டிருப்பேன், அஞ்சு நிமிசத்துக்கு முன்னால. இப்போ கேக்க எனக்கு வாயில்ல. போங்க. போனை வைக்காதிய, நான் இருக்கேன்.”

தூரத்தில் ஆண்குரல் ஒன்று முணுமுணுத்தது. வார்த்தை எதுவும் தேறவில்லை. ஒரு முறை நின்று, மறுபடி தொடங்கியது. பிறகு கார்க் கதவு சாத்தும் சத்தம். லாரி உறுமிக் கிளம்பும் சத்தம்.

அதே நேரத்தில் இங்கே, கீழே, கேட்டின் கொக்கி விழுந்தது. சித்ரலேகா திரும்பிப் பார்த்தபோது வாளியும் துணியும் மட்டும் இருந்தன.

“ம்... சொல்லுங்க... சொல்லிட்டியளா... போயிட்டாவளா. லாரி முனை திரும்பிட்டான்னு பாருங்க... எட்டிப் பாத்துச் சொல்லுங்க அண்ணாச்சி, சும்மா சொல்லாதிய... திரும்பிட்டு. சரி... ஆமா, மணி ரெண்டரை. கேக்கு... நாலரைக்கு அவிய வந்துருவாவ, தெரியும்... வாரோம். பஸ்ஸு ஏறுனா அர மணி நேரம். ஈரத்தை ஒத்தி எடுத்துட்டு, மஞ்சத் தண்ணி தெளிச்சி, வாசல்ல கோலம் போட்டுத் தாரோம். அது வரைக்கும் நீங்க உள்ள காலு வைக்காதிய, ஒங்க காலுத்தடம் வேற தொடைக்க நேரம் கெடையாது... வீடெல்லாம்?... சொன்னது சொன்னதுதானா... இருவத்தாறும். சரி.”

கிடைத்துவிட்டது. இரண்டு மாதமாக எந்த வார்த்தைக்காகப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாளோ அந்த வார்த்தை. உலகம்மாள் ஜன்னலைத் துடைப்பதை விட்டுவிட்டு, துடைத்த கம்பிகளின் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். யார் போவதை அவள் பார்க்கிறாள் என்று எட்டிப் பார்க்கத் தேவையிருக்கவில்லை.

“என்ன?... எத்தனை பேரு வாரோமா?”

...

“ரெண்டு பேரு.”

...

“ஆமா, எப்பவும் மூணு பேருதான் வருவோம்.”

அவர் இன்னும் ஏதோ கேட்டார். அவள் போனை அணைத்தாள்.